கொக்குக்கும் ஓர் உறுப்பினர்

எனக்கு மீன் அவ்வளவாகப் பிடிக்காது, சார். முள் எடுத்துத் தின்னும் பொறுமை எனக்குக் கிடையாது. வீட்டில் கருவாடு வறுத்தாலே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மேட்டுக்குளத்து மீன் மேல் ஆசைப்பட்டுத்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன் என்று தாடிக்கொம்பு டீக்கடை வரைக்கும் பேச்சு இருக்கிறது. அது அபாண்டம். நான் செய்தது முழுக்க நியாயத்துக்காக.

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம்.

முப்பது வருஷம் அரசாங்க எழுத்தராக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். கமலக்கண்ணன் என்றால் பொதுவான ஆள் என்று பெயர். எனக்கு நிலம் கிடையாது, வலை கிடையாது, மாடுகூடக் கிடையாது. திண்டுக்கல் தனி மாவட்டமான கையோடு எங்கள் குளத்துக்கு ஒரு மீன் நிர்வாகக் குழு அமைத்தார்கள். நாலு பேர் மீனவர்கள், இரண்டு பேர் விவசாயிகள், பொதுவான ஆளாக நான். தலைவர் பதவி தானாக வந்து என் மடியில் விழுந்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

குளத்தில் மீன் வளர்ப்பது பன்னிரண்டு மீனவக் குடும்பங்கள். அவர்களுக்குத் தலைவி என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் மூக்காயி ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தலையில் அன்னக்கூடையோடு ஊர் ஊராகப் போய் மீன் விற்று, தொண்டை கம்மிப்போன பெண். அந்த வருஷம் அவர்கள் மீன்குஞ்சு வாங்கிவந்து விட்டு, தவிடும் புண்ணாக்கும் போட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தார்கள். அறுவடையை நல்லபடியாக எடுத்துக் காட்டினால் குளம் மேற்கொண்டு மூன்று வருஷத்துக்கு அவர்களுக்கே. காட்ட முடியாவிட்டால் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் நிற்க அந்தச் சனங்களால் ஆகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த விதியை அவர்களுக்குப் படித்துக் காட்டியவனே நான்தான்.

முதல் கூட்டத்திலேயே ஒரு குறை கண்ணில் பட்டது. ஏழு பேரில் நாலு பேர் ஒரே பக்கம். கை தூக்கச் சொன்னால் எப்போதும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். அப்புறம் எதற்குக் கூட்டம்? எதற்குத் தலைவர்? தராசில் ஒரு தட்டு தரையில் உட்கார்ந்திருந்தால் அதைத் தராசு என்று யாராவது சொல்வார்களா? ஆகவே சரிசெய்ய ஆரம்பித்தேன்.

இரண்டு விவசாயிகளும் மேல்மடைக்காரர்கள் என்று கீழ்மடை பாஸ்கல் குறைப்பட்டார். நியாயம்தானே. அவரைச் சேர்த்தேன். திண்டுக்கல் மார்க்கெட்டில் மீன் மொத்த வியாபாரம் பண்ணும் முகமது பாரூக் பாயைச் சேர்த்தேன். குளத்தில் துணி வெளுப்பவர்களுக்கு ஒருவர், மாடு குளிப்பாட்டுபவர்களுக்கு ஒருவர், கரைப் புளியமரங்களைக் குத்தகை எடுத்தவர், வருஷத்தில் ஒரு மாதம் வாத்து மேய்க்க வருபவர், செங்கல்லுக்கு மண் எடுப்பவர். வாத்துக்காரர் பாவம், எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பதினோரு மாதம் அவர் எந்த ஊரில் இருப்பார் என்று அவருடைய வாத்துக்கே தெரியாது. ஆனாலும் அவர் பெயரை ஒவ்வொரு கூட்டத்திலும் மரியாதையாகப் படிப்பேன்.

ஒருநாள் பாஸ்கல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “எல்லாருக்கும் ஆளு இருக்கு. தெனமும் மீனு திங்கிற கொக்குக்குத்தான் ஆளில்ல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்தக் குளத்தில் கொக்கைவிடப் பழைய உரிமைக்காரர் யார்? அடுத்த கூட்டத்தில் கொக்குகளின் சார்பாக என் மச்சினன் மொக்கைச்சாமியை நியமித்தேன். நாகல்நகரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். கொக்குக்கும் நாரைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கை தூக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்த்துத் தூக்குவான். அந்த அடக்கம் பொதுவாழ்வில் கிடைப்பது அபூர்வம்.

இப்படியாக மீனவர்கள் நாலு பேர் நாலு பேராகவே இருந்தார்கள். யாரையும் நான் நீக்கவில்லை, கவனித்தீர்களா? சுற்றிலும் ஆட்களைச் சேர்த்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சலவைக்காரரும் செங்கல்காரரும் தீர்மானித்தார்கள். மாடு குளிக்கும் துறையில் வலை கூடாது, புளியமர நிழல் விழும் இடத்தில் வலை கூடாது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானம் ஏறியது. கடைசியில் மீன் பிடிக்க மிச்சமிருந்த இடம் என் வீட்டுக் கொல்லை அளவு.

பங்குனிக் கூட்டத்தில் மூக்காயி எழுந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

“அய்யா, ஒரு சந்தேகம். துணி வெளுக்கிறவுகளுக்கு ஆளு இருக்கு, சரி. மாட்டுக்கு இருக்கு. கொக்குக்கும் வச்சுட்டீக, இருந்துட்டுப் போகுது. நீங்க யாருக்கு ஆளு?”

“நான் பொதுவான ஆள், மூக்காயி.”

“அதான் கேக்குறேன். தண்ணியில காலு நனையாதவுக எதுக்குங்கய்யா தலைமாட்டுல இருக்கணும்? அறுவடை முடியட்டும். கொளத்துல சோலி உள்ளவுக மட்டும் ஒக்காந்து ஒரு தலைவர எடுத்துக்கிருவோம்.”

மேல்மடை சடையாண்டி, “அதுவும் சரித்தான்” என்றார். அவர் என் கூடப் படித்தவர். பாஸ்கல் தலையாட்டினார். பாரூக் பாய் தலையாட்டினார். சார், நீங்கள் நம்பமாட்டீர்கள், கொக்கும் தலையாட்டியது. அவனை வீட்டுக்கு வந்தபின் கேட்டேன். “எல்லாரும் ஆட்டுனாக மாமா, நானும் ஆட்டிட்டேன்” என்றான்.

எனக்கு வருத்தமாக இருந்தது. மறைக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பதவிக்காக அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லையே என்றுதான். மூன்றாம் நாள் மனசு தெளிந்தது. மூக்காயி மேல் எனக்குக் கோபமே இல்லை என்று கண்டுகொண்டேன். கோளாறு மீனில் இருந்தது. அறுவடை நன்றாக வந்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வேறு யாருடைய தயவும் வேண்டாம். ஒரு தரப்புக்கு மற்றவர் தயவே வேண்டாம் என்று ஆகிவிட்டால் அங்கே சமநிலை ஏது? மீன் எல்லாருக்கும் சரிசமமாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது.

எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீன் வளர்த்தவர்கள் அறுவடையை முடித்துக்கொண்ட பிறகு, வற்றிய குளத்தில் மிச்சம் கிடப்பதை ஊர் பிடித்துக்கொள்ளும். கரையில் அய்யனாரைக் கும்பிட்டு, உரிமைக்காரர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் சுற்றுப்பட்டி மொத்தமும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாவும் கூடையும் பழைய சேலையுமாக உள்ளே இறங்கும். அந்த மீனை விற்கக் கூடாது, அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். ஒருமுறை வெள்ளை வீசியாகிவிட்டால் யாரையும் கரையேறச் சொல்லக் கூடாது. சொன்னால் சாமிகுற்றம், மழை பெய்யாது. வெள்ளை வீசும் உரிமைக்கு அம்பலகாரர் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடித்துக்கொண்டதால், அதற்கு முந்தின வருஷம் சமாதானம் பண்ணப் போன நான் அதை என் பேருக்கு வாங்கிக்கொண்டேன். அதுவும் சமநிலைக்காகத்தான்.

மூக்காயியைக் கூப்பிட்டு, உங்கள் தரப்புக்கு நாலு இடம் போதாது, இன்னும் இரண்டு கேட்டுத் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுங்கள் என்றேன். மனுவை நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பன்னிரண்டு குடும்பமும் பெண்டு பிள்ளைகளோடு நேரில் போய் நின்றால்தான் அதிகாரிகள் மதிப்பார்கள், திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

“நான் அன்னைக்கு வாய்த்துடுக்காப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக அய்யா” என்றாள்.

“சேச்சே” என்றேன்.

திங்கட்கிழமை திருவிழா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுற்றுப்பட்டிக்கெல்லாம் தமுக்கு அடிக்கச் சொன்னேன். ஒரு ஊரையும் விடவில்லை. டீக்கடையில் சில பேர், “மீன்காரவுக தங்க அறுவடைய எடுத்துட்டாகளா?” என்று கேட்டார்கள். “அவுக எல்லாரும் திங்கக்கெழம காலைல திண்டுக்கல்லுக்குக் கிளம்புறாக” என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? மீனோடு கிளம்புகிறார்கள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? மூக்காயி தெரு மட்டும் காலனிக்கு அந்தாண்டை ஒதுங்கி இருக்கிறது. தமுக்குக்காரருக்குக் கால்வலி, அங்கே போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மனிதாபிமானம்.

அன்று காலை கரையில் நான் பார்த்த கூட்டம் தாடிக்கொம்பு பெருமாள் தேருக்குக்கூட வராது. தண்ணீர் முழங்காலளவு. கட்லா புரளும்போது வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கியது. மீனவர்களில் மிச்சம் இருந்தது காவலுக்கு நிறுத்தியிருந்த மூக்காயியின் தம்பி சங்கிலி மட்டும். கூட்டத்தைப் பார்த்து அரண்டுபோய் ஓடிவந்தான்.

“அய்யா, இன்னும் ஒரு வலகூட எறக்கலையே. என்னங்கய்யா இது?”

நான் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுத் துண்டை வீசினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தனை ஆயிரம் பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்மடை, கீழ்மடை, சாதி, மதம் ஒன்றுமில்லை. எல்லாத் தரப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கியது. என் பதவிக்காலத்தில் முழு வருகை இருந்த நாள் அது ஒன்றுதான்.

சங்கிலி என் காலைப் பிடித்துக்கொண்டான். “கரையேறச் சொல்லுங்கய்யா. ஒங்க சொல்லு ஒண்ணத்தான் கேப்பாக. எங்க பொழப்பே அதுக்குள்ளதான் கெடக்கு.”

“வெள்ளை வீசுனப்புறம் ஏறச் சொல்றது சாமிகுத்தம் சங்கிலி. மழ பெய்யாது. நீயும் ஒரு கூடைய எடுத்துக்கிட்டு எறங்கு” என்றேன். அவனையும் விட்டுவிடக் கூடாது என்று எனக்கு. அவன் இறங்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். யாரோ மடையையும் திறந்துவிட, வெயில் ஏறுவதற்குள் குளம் வெறும் சேறு. யாரோ ஒரு பெரிய ரோகுவை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். திருவிழா மீனை மறுக்கக் கூடாது என்பதால் வாங்கிக்கொண்டோம். முள் கம்மியாகத்தான் இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மனு நல்லபடியாக எடுபட்டுவிட்டது. இரண்டு இடம் கூடுதலாகத் தரச் சொல்லி அங்கேயே எழுதிவிட்டார்களாம். அந்தச் சேதியை எனக்குச் சொல்லத்தான் மூக்காயி நேராகக் கரைக்கு வந்தாள். குளத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் சேற்றில் இறங்கி நடுவரைக்கும் நடந்தாள். விரல் நீளத்தில் ஒரு குஞ்சு துடித்துக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து ஒரு மாட்டுக் குளம்படிப் பள்ளத்துத் தண்ணீரில் விட்டாள்.

“ஊரே தின்னுச்சாய்யா?”

“தின்னுச்சு மூக்காயி.”

“சரி. நல்லா இருக்கட்டும்.”

அதை மீனவர் தரப்பின் சம்மதமாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

குளம் ஏலத்துக்குப் போனது. பன்னிரண்டு குடும்பமும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கவும் வெங்காயம் பொறுக்கவும் போய்விட்டார்கள். சங்கிலி கேரளா லாரியில் ஏறினவன் திரும்பவில்லை என்கிறார்கள். மூக்காயிக்குத் தொண்டை முழுசாகவே போய்விட்டதாம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தெரிந்து செய்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம். தமுக்கு, மனு, பஸ், துண்டு எல்லாம் தெரிந்து, யோசித்து, வரிசையாகச் செய்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு ஆட்சேபணை. இதை விசாரிக்க நீங்கள் போட்டிருக்கும் குழுவைப் பார்த்தேன். வருவாய்த்துறை இருக்கிறது, விவசாயி இருக்கிறார், வியாபாரி இருக்கிறார். மீனவர்கள் சார்பில் ஒருவர்கூட இல்லை. இது பெரிய அநியாயம். அவர்களைத் தேடிக்கொண்டு இனி ஒட்டன்சத்திரத்துக்கு யார் போவது? ஊரில் அவர்கள் கஷ்டம் முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் மிச்சம். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், சார்.