உடம்பில் சேரும் மாத்திரை

ஹலோ... ஆங், சம்பந்தியம்மா, நான்தான். மருந்துக் கடையில நிக்கறேன்... ஆமா ஆமா, உங்க பொண்ணுக்குத்தான். கை ஒடிஞ்சவளுக்கு கால்சியம் வாங்கணும்ல...

அதுக்குத்தான் கூப்பிட்டேன். சின்ன வயசுல அவளுக்குப் பாலைக் கண்ணுல காட்டினீங்களா இல்லையா?... கோவிச்சுக்காதீங்க, கேக்கறேன். பாத்ரூம்ல வழுக்கினா எல்லாருக்குமா கை ஒடியுது? அதுவும் ஆறு மாசத்துல ரெண்டாவது தடவை... ஆங்... ஆங்... சாக்பீஸ் எலும்பை எங்க தலையில கட்டிட்டு, பேச்சைப் பாரு.

இருங்க, கடைக்காரர் ஏதோ சொல்றார்... ரெண்டு வகை இருக்காம். கார்பனேட்னு ஒண்ணு, சாப்பாட்டோட போட்டாத்தான் உடம்புல நல்லா சேருமாம். சிட்ரேட்னு இன்னொண்ணு, அது வெறும் வயித்துலயும் சேருமாம். அதான் அவளுக்குத் தோது. எங்க வீட்ல எல்லாரும் சாப்பிட்டு எழுந்து அவ தட்டு எடுக்க மூணு மணி ஆயிடும்... பட்டினியா? யாரு பட்டினி போட்டா? எல்லாம் பழக்கந்தான்.

இல்ல, இப்ப அவகிட்ட பேச முடியாது. வீட்ல தூங்கறா... என்னது? உங்க பக்கத்துலயா? எப்படி வந்தா? நான் வெளிய பூட்டிட்டுத்தானே வந்தேன்!... உங்க பையனா? பூட்டை உடைச்சானா?

ஸ்கேனா? என்ன ஸ்கேன்?... எலும்பெல்லாம் திடமா இருக்குன்னு யாரு சொன்னா? டாக்டர் சொன்னா ஆச்சா?... மெதுவா பேசுங்க, கடையில ஆள் நிக்குது... கையை முறுக்கினானா? என் பையனா? அவன் ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான். பெத்தவ எனக்குத் தெரியாதா?

சரி... சரி சம்பந்தி... வார்த்தைய வளர்க்க வேணாம். நல்ல மாத்திரையே வாங்கறேன். காலையில முதல்ல அவளுக்கே சாப்பாடு போடறேன், போதுமா? அனுப்பி வைங்க... போலீசுக்கெல்லாம் எதுக்குப் போகணும், நம்மளுக்குள்ள பேசி... ஹலோ?... ஹலோ?...

வச்சுட்டா. திமிரு.

இந்தாங்க, இந்த டப்பா வேணாம், எடுத்து உள்ள வைங்க. கை வீக்கத்துக்குத் தடவற மருந்து இருந்தா குடுங்க... எனக்கில்ல, என் பையனுக்கு. முந்தாநேத்துலேருந்து விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கெடக்கு, பாவம். ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல... எப்படியா? அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் ஏன் கை நீட்டப் போறான்?

...ஹலோ?... சம்பந்தி?... நீங்க இன்னும் வைக்கலையா?