வெனிலா பாட்டில்கள்

2017 மார்ச் 11 அன்று மாலை, ஒரிகானிலிருந்து வீஸர் ஊருக்குள் வரும் ஸ்னேக் ஆற்றுப் பாலத்தின் இக்கரையில், ஐடாஹோ மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் என் காரை நிறுத்தினார். இடது பின்விளக்கு எரியவில்லை.

அதை மறுநாளே மாற்றிவிட்டேன், பிஷப். எதையும் தள்ளிப்போடும் பழக்கம் எனக்கு இல்லை.

நீங்கள் வாரம் முழுக்கப் பாசனக் குழாய் விற்றுவிட்டு, ஞாயிறு மாலை நம் மார்மன் சபையின் இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து எங்கள் குறைகளைக் கேட்கிறவர். களைப்பாக இருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே வந்ததும் உங்கள் மனைவி சிஸ்டர் ஆல்ரெட்டின் கைநடுக்கம் எப்படி என்று விசாரித்தேன். வசந்தத்திலிருந்து கூடியிருக்கிறது, கரண்டி பிடிக்கவே முடியவில்லை என்றீர்கள். கேட்க வருத்தமாக இருந்தது.

ஆலயத்துக்குள் போக நீங்கள் தரும் அனுமதிச் சீட்டு அடுத்த மாதம் எனக்கு முடிகிறது. புதுப்பிக்கும்போது, பிறரிடம் நேர்மையாக நடக்கிறேனா என்று கேட்பீர்கள். அதை இப்போதே தெளிவாக்கிவிடலாம் என்று வந்தேன். இருபத்தாறு வருடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். மனம் வருந்தித் தன் போதகரிடம் ஒருவர் சொன்னதை, அவருடைய சம்மதம் இல்லாமல் போதகர் சாட்சிக் கூண்டில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் கணவர் ட்வெய்ன் குடலில் புற்றுநோயோடு படுத்திருந்தபோது, டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரிகானில் கிடைக்கிற கஞ்சா எண்ணெயைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொல்லவில்லை என்றார். ட்வெய்னுக்கு ஒன்றரை மாதம் பசி எடுத்தது. அவர் போன பிறகு, எப்படியோ கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வலி உள்ளவர்கள், வலிப்பு உள்ள பிள்ளையின் தாய். அந்தப் பக்கம் கடையில் பிரெட் வாங்குவது போல வாங்கலாம். இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தால் ஐந்து வருடம் வரை சிறை. அந்தத் தண்டனைகளை என் கையால் எத்தனையோ முறை பதிவு செய்திருக்கிறேன்.

வெனிலா எசன்ஸ் வரும் பழுப்பு பாட்டில்களில் எண்ணெயை மாற்றி ஊற்றிக் கொண்டுவருவேன். எங்கள் ஊரில் ஒரு விதவையின் காரில் வெனிலா பாட்டில் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் போலீஸ்காரரும் சீட்டில் இருந்த பாட்டில் பெட்டியைப் பார்த்தார். "கேக்கா?" என்றார்.

"சர்ச்சுக்கு" என்றேன்.

"எங்கம்மாவும் இப்படித்தான், ஊருக்கே சுடுவாங்க. விளக்க மாத்திடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்க முடியவில்லை. இனிச் சட்டத்தை மீறுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன். அதை இன்றுவரை ஒரு நாளும் மீறவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்.

ஆனால் எண்ணெய்க்குக் காத்திருந்தவர்களிடம் எப்படிச் சொல்வது. சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு என் பக்கத்து வீட்டு ஷெய்லின் பிங்கம் சாட்சி சொல்ல எழுந்து நின்று, பெயர் சொல்லாமல், "எங்க வீட்டுக்கு ஒரு தேவதை வருது" என்று அழுவாள். நீங்கள் மேடையில்தான் இருந்தீர்கள். அவள் மகள் பிரின்லிக்கு ஆறு வயது. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை வலிப்பு வந்த பிள்ளை, எண்ணெய் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்து, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தத் தாயிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, இனி முடியாது என்று சொல்லியிருந்தால், அவள் நம்பிக்கை அன்றே போயிருக்கும். நம்பிக்கையைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை.

ஆலிவ் எண்ணெயை மெல்லிய சூட்டில் வைத்து, அதில் மாட்டுக்குப் போடும் குதிரைமசால் வைக்கோலை ஊறவிட்டேன். நிறமும் பச்சை வாசமும் சரியாக வந்தன. வடிகட்டி, அதே பாட்டில்களில், அதே வியாழக்கிழமைகளில் கொடுத்தேன். தருகிற பணத்தை ஒரு டாலர் எடுக்காமல் சபையின் உதவி நிதியில் போட்டேன். மாதாமாதம் ரசீது கொடுத்தது நீங்கள்.

முதலில் சந்தேகப்பட்டவர் கிழவர் டெல்மர். நம் சபை இல்லை. வாலிபத்தில் கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்துவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க மாடு மேய்த்து முதுகெலும்பு தேய்ந்தவர். ஏப்ரலில் என்னை வாசலிலேயே மடக்கினார்.

"வெர்லா, உன் எண்ணெயக் குடிச்சா வலி போகல. ஆனா பசுமாட்டப் பாத்தா சொந்தக்காரி மாதிரி தெரியுது."

"என்ன சொல்றீங்க?"

"குதிரைமசால் வாசம் எனக்குத் தெரியாதா? அறுபது வருஷம் அதுலதான் தூங்கி எந்திரிச்சேன். எவன் தலையில மொளகா அரைக்கிற?"

"சந்தேகம்னா போலீஸ்ல கொடுத்து பரிசோதிக்கச் சொல்லுங்க, டெல்மர்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பரிசோதனைக்குக் கொடுப்பவர் முதலில் அது தன்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அவருடைய ராணுவப் பென்ஷன், துப்பாக்கிகள் எல்லாம் அந்தப் பதிலில் தொங்கின. பிறகு அவர் எண்ணெய் கேட்கவில்லை. குடித்துவிட்டு உளறுகிறார் என்று ஷெய்லினிடம் சொல்லிவைத்தேன். அவர் குடிப்பவர்தான்.

பிரின்லிக்கு வலிப்பு திரும்பியது. ஷெய்லின் முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடையைச் சந்தேகப்பட்டாள், பிறகு ஃபிரிட்ஜின் குளிரை, பிறகு பிள்ளை வளர்ந்ததால் அளவு போதவில்லையோ என்று. இரண்டு சொட்டு கூட்டினாள். எண்ணெய் நன்றாக வேலை செய்த நாட்களில், டாக்டர் கொடுத்த மாத்திரையை அவள் தானாகவே பாதியாகக் குறைத்திருந்தாள். முழு அளவு மாத்திரை பிள்ளையைத் தூங்குமூஞ்சியாக்கியது. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் எண்ணெய் விஷயம் மருத்துவக் குறிப்பில் ஏறும், குழந்தைகள் நலத்துறை வாசலுக்கு வரும். இது எனக்குத் தெரியும். மாத்திரையைப் பழையபடி கூட்டு என்று இரண்டு தடவை சொன்னேன். ஏன் என்று கேட்டாள். காரணம் சொல்ல என்னால் முடியவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "சிஸ்டர், யாரோ பாட்டிலத் தொடுறாங்க. எனக்கு மனசுல படுது."

"கார்ட்டுக்கு இந்த எண்ணெய் ஆரம்பத்துலேருந்தே பிடிக்கலதான, கண்ணு?" என்று கேட்டேன்.

நான் கேட்டது அவ்வளவுதான். அவன் செய்தான் என்று நான் சொல்லவில்லை. கார்ட் அவள் கணவன், வெங்காயக் கிடங்கில் வேலை. பிள்ளையை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்தவன்தான். யாராவது திறந்தால் தெரியட்டும் என்று அவள் பாட்டில் மூடியின் மேல் ஒரு தலைமுடியை ஒட்டிவைத்தாள். மறுநாள் முடி இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் பாட்டில் மேல் முடி எத்தனை நாள் ஒட்டியிருக்கும்.

அன்று அவர்கள் போட்ட சண்டை என் வீடு வரை கேட்டது.

"என் பொண்ணுக்கு நான் விஷம் வைப்பனாடி? பைத்தியமா உனக்கு?"

"நீ மருந்த எடுத்துட்ட. ரெண்டும் ஒண்ணுதான்!"

அவன் நாம்பா ஊரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனான். போகும்போது வேலிப் பக்கம் நின்று என்னிடம், "சிஸ்டர், அவகிட்ட நீங்க சொன்னா கேப்பா. காலையில நாலு அஞ்சு மணிக்குத்தான் பெருசா வரும். சத்தம் சின்னதா இருக்கும், சாவிக்கொத்து உரசுற மாதிரி. நான் பக்கத்துலயே படுக்கிறதால எனக்குக் கேக்கும். அவளுக்குக் கேக்காது. யாராவது கூடப் படுக்கச் சொல்லுங்க" என்றான்.

சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் சபையில் கோடை முகாம் வேலை அதிகம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், விடியும்போது, பிரின்லி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே முகம் புதைந்து கிடந்தாள். அடக்கத்தில் நீங்கள்தான் ஜெபித்தீர்கள். அடக்கம் முடிந்து பரிமாறிய உருளைக்கிழங்கு கேசரோல் நான் செய்தது.

வீட்டில் இறந்த பிள்ளை என்பதால் போலீஸ் வந்து ஃபிரிட்ஜைப் பார்த்தது. கதவில் இருந்த பாட்டில்களில் ஆலிவ் எண்ணெயும் ஏதோ செடியும்தான் இருந்தன என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு மிகுந்த நிம்மதி. மார்ச்சுக்குப் பிறகு நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சான்று அது.

ஆனால் ஃபிரீசரில் ஒன்று இருந்தது. ஜனவரியில் நான் கொடுத்த பாட்டில். அவசரத்துக்கு என்று பட்டாணிப் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்து மறந்திருக்கிறாள். அது அசல். அந்த ஒரு பாட்டிலுக்காகவும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைத்ததற்காகவும் ஷெய்லின் மேல் வழக்குப் போட்டார்கள். யார் கொண்டுவந்தது என்று சொன்னால் தண்டனையைக் குறைப்பதாகச் சொன்னார்கள். அவள் தானே ஆற்றைத் தாண்டிப் போய் வாங்கியதாகச் சொல்லிவிட்டாள்.

நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்துப் பார்த்தேன். பிள்ளைக்கு அடுத்தபடியாக அவள் என்னையும் இழந்திருப்பாள். அதுவும் சிறைக்குள் இருந்துகொண்டு. அந்தப் பெண்ணுக்கு இன்னும் எத்தனை துக்கத்தைத்தான் கொடுப்பது.

நவம்பரில் அவளுக்கு மூன்று வருடம் விதித்தார்கள். கார்ட்டை அவள் பார்க்க மறுக்கிறாள். அவன்தான் எண்ணெயை மாற்றினான் என்று நம்புகிறாள். மாதம் ஒரு முறை நான் போய்ப் பார்க்கிறேன். போன தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், என்னால நீங்க பயந்துடாதீங்க. மத்தவங்களுக்குக் கொண்டுபோறத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள்.

நிறுத்தவில்லை. இந்த வியாழக்கிழமை நான்கு வீடுகளுக்குப் போனேன். மூன்றாவது உங்கள் வீடு, பிஷப். நீங்கள் உங்கள் குழாய்க் கடையில் இருந்தீர்கள்.