பேட்டரிக்குப் பொட்டு

"பேட்டரிக்குப் பொட்டு யாருடா வெச்சது?"

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் போனில் கத்தினார். அவர் மடியில் ஒரு புது பேட்டரி. எதிரே மலை மழையில் கறுத்திருந்தது. ஸ்பீக்கரில் அவர் தம்பியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நீதாண்ணா வெச்ச. ஆயுத பூஜைக்கு வயரக் கழட்டி, முனையெல்லாம் சந்தனம் பூசி மாட்டின. இப்ப இன்னாத்துக்கு அது? டிராக்டரு ஓடை நடுவுல நின்னுபோச்சி. ட்ரெய்லர் நெறைய மரவள்ளி. தண்ணி வேற ஏறிக்கினு இருக்குது."

"காலைல சரிவுல உருட்டித்தானடா ஸ்டார்ட் பண்ணோம்! ஏன் அணைச்ச?"

"தானா அணைஞ்சிடுச்சிண்ணா."

"லைட் எரியுதா?"

"எரியுது. சாவியத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்."

"அப்ப பேட்டரி சாவல. சந்தனம் காஞ்சி கரண்ட்ட தடுக்குது. சாவிய ஆஃப் பண்ணிட்டு, வயரக் கழட்டி முனையெல்லாம் சுரண்டு. சீக்கிரம்டா!"

கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான் வந்தன. பிறகு 'டக்'. மறுபடி சுரண்டல். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

போனுக்குள் இஞ்சின் உறுமியது.

"ஏறுடா! கரை ஏறினாலும் அணைக்காத!"

"ஏறிட்டேண்ணா."

அவர் போனை வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த புது பேட்டரியின் முனைகளில் கடைக்காரர் வைத்துக் கொடுத்திருந்த குங்குமத்தை, வேட்டி நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.