அந்த முக்காலியைக் கொடுங்கள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, எல்லா மதங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்து நிற்கும் செவிலியர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கடைசி வார்டின் தலைமைச் செவிலியர், நம் 'சும்மா சிஸ்டர்' போய்விட்டார். அந்த வார்டின் டாக்டர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. கோபமாக வேறு இருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் பிழைக்க வழியில்லாத நோயாளிகளுக்கான வார்டு அது. மருந்து தீர்ந்தபின் எங்களுக்கு அங்கே என்ன வேலை? அவருக்கு இருந்தது. கட்டிலருகே முக்காலியைப் போட்டு, சாகப்போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சும்மாதான் இருக்கிறேன் என்பார். நாங்கள் கேலியாக வைத்த பெயர்தான் அது.

லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். வாயைத் திறந்தால் வசவு. பிரார்த்தனை செய்ய வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்தார். சிஸ்டர் போய் உட்கார்ந்தார்.

"நீ எந்தச் சாமியோட ஆளு?"

"தெரியலண்ணே. கையக் குடுங்க."

சாயங்காலம் வரை கையை விடவில்லை. அந்த மனிதர் கடைசியாகச் சொன்னதை நானே கேட்டேன்: "நான் போறதுக்கு முன்னாடி நீ எந்திரிச்சுப் போயிடாதம்மா." சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

மதம் வேண்டாம் என்றா சொன்னார்? ஒருநாளும் இல்லை! வழிபாடு செய்ய யார் வந்தாலும் எழுந்து இடம் கொடுப்பார். அவர்கள் முடித்துவிட்டுப் போவார்கள். இவர் மறுபடி வந்து உட்காருவார். மதத்துக்கும் ஆன்மிகத்துக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

போன வாரம் அவரே அந்த வார்டில் படுத்தார். அவர் எந்த மதம்? ஒருவருக்கும் தெரியவில்லை. எதையும் விட்டுவிடக் கூடாதென்று எல்லா மதத்தாரையும் அழைத்தோம். அறை கொள்ளாத கூட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் மனமுருகத்தான் வேண்டினீர்கள், குறை சொல்லவில்லை. அப்போது அவர் கையைத் தூக்கி நீட்டினார். ஆசி வழங்குகிறார் என்று நினைத்தோம்! மொத்தக் கூட்டமும் கைகூப்பியது. நானும்தான். ஐயோ, அந்தக் கை எதைக் கேட்டது? வாழ்நாளெல்லாம் அவர் பிறருக்குக் கொடுத்ததை அல்லவா கேட்டது? கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்துவிட்டுப் படுக்கையில் விழுந்தது. கூப்பிய கையை ஒருவரும் பிரிக்கவில்லை.

அவர் பெயரில் பிரார்த்தனைக் கூடம் கட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தார். கட்டுங்கள். கூட்டம் வரும். வார்டில் உட்கார யார் வருவார்கள்? எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். பயமாக இருக்கிறது என்றார்கள், வேலை முடியவில்லை என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நேற்று நானே உட்கார்ந்து பார்த்தேன். என் விரல் நாடியைத்தான் தேடியது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மன்னியுங்கள், அது என்னால் முடியாது. எங்களுக்கு அது வராது சிஸ்டர்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் படத்தை எதன்மேல் வைத்துப் பூ போட்டிருக்கிறீர்கள், பாருங்கள். அதே முக்காலி! கூட்டம் முடிந்ததும் படத்தை எடுத்துவிட்டு அதை என்னிடம் கொடுங்கள். மூலைக் கட்டிலில் ஓர் அம்மா, காலையிலிருந்து கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் போய் உட்காருகிறேன். நாடியைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். அது அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.