கொக்கின் முழங்கால்

டாக்டர், உங்கள் வரவேற்பறை நாற்காலிகள் முதுகுக்கு நல்லதல்ல. பலகை பின்பக்கம் சரிகிறது. மாத்திரைப் பழக்கத்தை விடுவதற்காக இங்கே வருகிறவர்கள் இடுப்பு வலியோடு திரும்பிப் போவார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

உள்ளே சேர்வதற்காகக் காத்திருப்பவர் என் கணவர், ஹாக்கி வீரர். கால்கள் நீளம் என்பதால் அணியில் அவரைக் கொக்கு என்பார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஒற்றைக் காலில் நின்றபோது, இப்போதுதான் பெயர் சரியாகப் பொருந்துகிறது என்று அவரே சிரித்தார். அப்போது அந்த அணிக்கு நான்தான் பிசியோ. அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டே வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்க கைய எடுத்தாதான் வலிக்குது" என்றார்.

ஆட்டக்காரர்கள் இப்படி ஏதாவது உளறுவார்கள், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதைப் போட்டுக்கொண்டேன். கல்யாணமானதும் வேலையை விட்டேன்.

ஹாக்கிக்காரர்கள் ஸ்டிக்கின் பிடியில் டேப் சுற்றும் வேலையை இன்னொருவரிடம் கொடுக்கமாட்டார்கள். அவரவர் கைக்கு அவரவர் சுற்று. கட்டிய மனைவி தொட்டாலும் முகம் சுளிப்பார்கள். ஒருநாள் அவருடைய ஸ்டிக்கை எடுத்து வைக்கும்போது டேப்புக்கு அடியில் ஏதோ நெருடியது. பிரித்தால் வலி மாத்திரைகள். அறுவை சிகிச்சைக்காகக் கொடுத்தது அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அவரை மீட்டது நான். வேர்வையில் மெத்தை நனையும். கை உதறும். என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார், பிறகு என் மடியிலேயே தலைவைத்து அழுவார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர விடமாட்டார். உண்மையைச் சொல்கிறேன் டாக்டர், என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

நன்றாகத் தேறிவிட்டார். அணியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கால் எப்படியிருக்கிறது என்று கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது வழக்கம்போல முழங்காலுக்குக் கட்டுப்போட உட்கார்ந்தேன்.

"அங்க புது பிசியோ போட்டுவிடுவாரு. நீ ரெஸ்ட் எடும்மா" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சுருக்கென்று தைத்தது. வேலையிலிருந்து அனுப்புகிறவர்களும் அன்பாகத்தான் சொல்வார்கள்.

அவரிடமிருந்து பிடுங்கிய மாத்திரைகள் என்னிடமே இருந்தன. பொடித்துப் பாலில் கலந்தேன். கசப்பு தெரியாமலிருக்க வாழைப்பழம் சேர்த்து அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை, அவர் உயிரில் எனக்கு அக்கறை உண்டு. காலைப் பிடித்துவிடும்போது எங்கே அழுத்தினால் மறுநாள் வீங்கும் என்பதும் தெரியும். அங்கே அழுத்தினேன். கொஞ்சம்தான்.

பெரிய போட்டிக்கு முன்பு சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். மாட்டிக்கொண்டார். தடை விதித்தார்கள். மைதானத்துப் பக்கமே வராதே என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து, சத்தியமாகத் தொடவில்லை என்று என் தலையில் அடித்துச் சொன்னார். நம்புகிறேன் என்றேன். நம்பத்தானே வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனால் யாரோ கலந்திருக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார். பாட்டில்களைத் திறந்து மோந்து பார்த்தார். அது நல்லதற்கில்லை.

அதனால் அவர் குளிக்கும்போது ஸ்டிக்கின் டேப்பைப் பிரித்து, இரண்டு மாத்திரைகளை வைத்துத் திரும்பச் சுற்றினேன். அவர் மேலிருந்து கீழே சுற்றுவார். நான் பதற்றத்தில் கீழிருந்து மேலே சுற்றிவிட்டேன். முன்பானால் தொட்டவுடனே கண்டுபிடித்திருப்பார். ஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். அவரே பிரித்தார். மாத்திரைகள் தரையில் விழுந்தன. அவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத என்னத் தவிர யாரும் சுத்தமாட்டாங்க. நான்தான் வச்சிருக்கேன். எனக்கே தெரியாம வச்சிருக்கேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன்.

அதன் பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். தன் கையை நம்பாமல், தண்ணீர்கூட என்னிடம்தான் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்று காலை திடீரென்று பையைக் கட்டிக்கொண்டு, இனியும் உன்னைக் கஷ்டப்படுத்தமாட்டேன் என்று இங்கே கிளம்பிவிட்டார். சரி, நானும் கூடவே தங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். இங்கே வந்தால், முதல் கட்டம் முடியும்வரை வீட்டார் யாரும் பார்க்கக்கூடாது, போனும் கிடையாது என்கிறார் வரவேற்பில் இருக்கும் பெண்.

அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவர் விட்டது விட்டதுதான் டாக்டர், திரும்பத் தொடவே இல்லை. கொடுத்தது நான். ஆக, இங்கே அவரைச் சேர்க்கக் காரணமே இல்லை. உடம்பு கொஞ்ச நாள் ஏங்கும். அதைச் சமாளிக்கும் பக்குவம் எனக்குத் தெரியும், ஒருமுறை செய்தவள்தானே. என்னைப் பற்றி என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார். அவரை வெளியே அனுப்புங்கள், வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். இந்த நிலைமையில் இருக்கிறவரை முன்பின் தெரியாதவர்களை நம்பி எப்படி விட்டுவிட்டுப் போவது?