கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேல் சுரம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பாட்டு ஒலிப்பதிவு செய்கிற ஓர் அறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். அவர் பதிவு செய்கிறவர், அவள் பாடுகிறவள்; விசில் மாதிரி மேலே ஏறுகிற குரல் என்பதால் அவளை 'விசிலு' என்றுதான் கூப்பிடுவார்.

— வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே!

— கத்தாத விசிலு. முதலாளி அடுத்த ரூம்லதான் இருக்காரு.

— இருபது வருஷ வேலைங்க. காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு, அவ்வளவுதானே? எனக்குத் தெரியாதா என்ன?

— உனக்கு எப்படித் தெரியும்?

— திங்கக்கிழமை இந்தப் பொட்டியில சின்ன ஸ்பீக்கரோட வயரைப் பிடுங்கி விட்டேன். கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் அதுலதானே வரும்? நாலு நாளா பெரிய ஸ்பீக்கரை மட்டும் கேட்டுட்டு, "டிரம்ஸ்ல தட்டு என்னமா சிலிர்க்குது"ன்னு தலையாட்டுறீங்க.

— அடிப்பாவி! அது மீட்டர் முள்ளைப் பாத்துச் சொல்றது. முள்ளு துள்ளுனா தட்டு சிலிர்க்குதுன்னு அர்த்தம்.

— சரி, செகண்டுக்கு நாலாயிரம் அதிர்வுக்கு மேலதானே கேக்கல? தட்டுச் சத்தமும் வயலின் வில்லு உரசுற பிசிறும் போகும். போனாப் போகட்டும். ஆம்பளைக் குரல் நூறு, நூத்தைம்பதுல நிக்குது. பேஸ் கிட்டார் நாப்பதுலயே முனகுது. நீங்க சொன்ன கணக்குதானே?

— நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். மாடி இடிஞ்சாலும் கீழ்வீடு இருக்குன்னு. நேத்து வரைக்கும்.

— நேத்து என்ன?

— உன் பாட்டு. கடைசி அடியில மேல ஏறுவியே, அந்தச் சுரம். அது ஆயிரத்துக்கிட்டதான். எனக்கு நல்லாக் கேக்கற இடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்து நரம்பு புடைக்க வாயைத் தொறந்து நிக்கிற. எனக்கு ஒண்ணுமே கேக்கல.

— முள்ளைப் பாக்கலியா?

— உன்னைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்.

— மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கலாமே...

— பயம். ஆயிரமும் போச்சுன்னா அப்புறம் பேச்சு போகும். நீ கூப்பிடுறது போகும். அதான் உனக்கு "பிரமாதம்"னு கை காட்டிட்டு, காலையில எழுதிக் குடுத்துட்டேன்.

— திருப்பி வாங்குங்க. இப்பவே போங்க.

— மத்தியானம் புது ஆள் வர்றான். நாற்காலியைக் காலி பண்ணச் சொல்லியாச்சு... என்ன விசிலு, உதடு அசையுது? பேசறியா? எனக்குத்தான் கேக்கலியா?

— பேசலைங்க. அழுகைதான் வருது.

— அழாத. உன் தொண்டை இருக்கே. அந்தச் சுரம் இருக்கற வரைக்கும் உன்னைக் கூப்பிடுவாங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் போதாதா?

— என் குரல் போன மாசமே உடைஞ்சிடுச்சுங்க. மேல போனா வெறும் காத்துதான் வருது. உங்களுக்கு எதுவரைக்கும் கேக்குதுன்னு பாக்கத்தான் அந்த வயரையே பிடுங்கினேன். என் சுரம் வராதது உங்களுக்குத் தெரியாது, அப்புறம் சேக்கற புல்லாங்குழல் அதே உயரத்துல வந்து அந்த இடத்தை மூடிடும்னு நெனச்சு... நேத்து நான் வாயை மட்டும்தாங்க தொறந்தேன்.

உங்கள் வீடுகளில் கூப்பிடுகிற குரலும் கேட்கிற காதும் நெடுங்காலம் சேர்ந்தே இருக்கட்டும், என் கண்ணுகளா.