நடுச்சாமத்துக்குச் சாட்சி சொன்ன தங்கம்மாள் அம்மையாருக்கு

பணி நிறைவு காணும் எங்கள் பாசத்திற்குரிய அம்மையீர்!

கரிசல் வெடித்துக் கிடந்த கோடையிலும், கண்மாய் கரை புரண்ட கார்த்திகையிலும், கதவைத் தட்டிய கைகளுக்கெல்லாம் கணமும் தாழ்க்காது கதவு திறந்த கருணையே! வலியில் துடித்தவர்க்கு வாய்ச்சொல்லால் வலுவூட்டி, வையத்துக்கு வந்த மழலையை வாரி எடுத்த வளைக்கரமே! முப்பத்தோராண்டுக் காலம் முகம் கோணாது உழைத்த எங்கள் மூத்தவரே! வணக்கம்.

இவ்வாறே எழுதிக்கொண்டு போனால் நீங்கள் பாதியிலேயே எழுந்து, வெந்நீர் காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று உள்ளே போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சற்று நேரம் உங்களைப் பார்க்காமல், வந்திருக்கும் அவையைப் பார்த்து, தங்கம்மாள் என்ற ஒருவரின் கதையைச் சொல்கிறோம். யாரோ ஒருவர் கதை என்று எண்ணி உட்கார்ந்து கேளுங்கள்.

அவையோரே! அருப்புக்கோட்டையில் மிளகாய் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் தங்கம்மாள். பிரசவம் பார்க்கிற வேலையா என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது, "நீங்க எல்லாரும் யாரோ ஒருத்தி கையிலதான வந்து விழுந்தீக?" என்று கேட்டுவிட்டு, தாதிப் பயிற்சி முடித்து, 1948-இல் நம் சுனைக்குளம் தாய்சேய் நல விடுதிக்கு வந்து சேர்ந்தார். அன்று முதல் இவ்வட்டாரத்துக்கு அவர் நர்ஸம்மா. அவர் கையில் பிறந்தவர்கள் இன்று மூவாயிரத்துக்கு மேல். அவர்களில் ஒருத்தியைப் பற்றியதே இக்கதை.

1961, ஜூலை முப்பத்தொன்று, திங்கட்கிழமை. ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீசிய அந்தி நேரத்தில், எம்.ரெட்டியபட்டி ராமசுப்பு தம் மனைவி பேச்சியை மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பேச்சி. இரவு வெகுநேரம் போராடிப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். விடுதிப் பதிவேட்டில் தங்கம்மாள் எழுதினார்: "31-7-61. பெண். மணி 12."

மறுநாள் பிறப்பைப் பதிய வந்த ஊர் எழுத்தர் சங்கரலிங்கம் பேனாவைத் திறந்துவிட்டு விழித்தார். அவருடைய படிவத்தில் 'காலை, மாலை: பொருந்தாததை அடிக்கவும்' என்று அச்சடித்திருந்தது.

"ஏம்மா, நடுச்சாமம் பன்னெண்டு மணி காலையில சேர்த்தியா, சாயங்காலத்துல சேர்த்தியா?"

"நடுச்சாமம்னே போட்டுருங்களேன்."

"அதுக்கு இதுல இடம் இல்லையே."

சங்கரலிங்கம் சிறிது யோசித்தார். இங்கிலீஷ் கணக்கில் பன்னிரண்டு அடித்தால் புது நாள். புது நாள் என்றால் காலைதான். 'மாலை'யை அடித்துவிட்டு, தேதியை ஆகஸ்டு ஒன்று என்று எழுதினார். அவர் மேல் பழியில்லை. படிவம் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார். தங்கம்மாளும் ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன என்று விட்டுவிட்டார்.

அந்த ஒரு நாள் பதினாறு ஆண்டு கழித்து வந்து வாசலில் நின்றது.

குழந்தைக்கு முத்துமாரியம்மாள் என்று பெயரிட்டிருந்தார்கள். புழுதித் தடத்தில் நடந்தே பள்ளிக்குப் போய், அவ்வூர்ப் பெண் பிள்ளைகளில் முதலாவதாகப் பள்ளி இறுதித் தேர்வில் தேறினாள். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். திரும்பி வந்தது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதியன்று பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டுமாம். அவளுக்கு ஒரு நாள் குறைந்தது.

பேச்சி விடுதிக்கு வந்து தங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸம்மா, இவ பிறந்தது திங்கக்கெழமையா, செவ்வாக்கெழமையா? பாலவனத்தத்து மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஆவணியில தேதி வைக்கச் சொல்லி நிக்கிறாக. பயிற்சிக்கு இடம் கிடைச்சா ரெண்டு வருசம் பொறுத்துக்கிடுவாக. இந்த வருசம் தவறிப்போச்சுன்னா பிள்ளை படிப்பு அம்புட்டுத்தான்."

ராமசுப்பு வாசற்படியிலேயே நின்றார். "பொழுது விடியாம எப்பிடிங்கம்மா மறுநாளாகும்? விடியிற வரைக்கும் அது திங்கக்கெழம ராத்திரிதான? எங்களுக்கு அதுதான் கணக்கு. ஆபீஸுல வேற கணக்குச் சொல்றாக."

பிறந்த தேதியைத் திருத்தக் கோரி மனுக் கொடுத்தார்கள். பிரசவம் பார்த்தவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. விடுதியில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். நடுச்சாமம் மாலையின் வால் என்றார்கள் சிலர். காலையின் தலை என்றார்கள் சிலர். எங்களில் ஒருவர் குறுக்கு வழியும் சொன்னார்: "பதினொன்னு அம்பத்தஞ்சுன்னு சொல்லிட்டு வந்துருங்கக்கா. யாரு கண்டா?"

"நான் கண்டேனே" என்றார் தங்கம்மாள்.

அந்தக் குறுக்கு வழியைச் சொன்னவர் வேறு யாருமல்லர். இம்மடலை இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருக்கும் மருந்தாளுநர் ராஜகுருதான்.

அன்று மாலை தங்கம்மாள் பழைய பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்தார். தம் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி 12. அந்தப் பன்னிரண்டை எப்போது பார்த்தோம் என்று யோசித்தபோதுதான் அவருக்கு அந்த இரவு முழுதும் நினைவுக்கு வந்ததாம். பின்னொரு நாள் அவரே எங்களிடம் சொன்னது இது. நடந்ததை நடந்தபடி சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வழி பிறக்கும். ஆனால் தம் முப்பதாண்டுப் பதிவேடுகள் அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அவர் எழுதிக் கொடுத்த நேரச் சீட்டை வைத்துத்தான் டவுனு வியாபாரிகள் முதல் காட்டில் பாடுபடும் சம்சாரிகள் வரை பிள்ளைகளுக்கு ஜாதகம் கணித்திருந்தார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அன்று அவர் சோறு தின்னவில்லை.

விசாரணை நாளன்று அதிகாரி கேட்டார். "பன்னிரண்டு மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அது காலையா, மாலையா?"

"அது எனக்குத் தெரியலைங்க ஐயா."

ராமசுப்பு தலையைக் குனிந்துகொண்டார். தங்கம்மாள் தொடர்ந்தார்.

"ஆனா அது பிள்ளை பிறந்த நேரமே இல்லைங்க. நான் கடிகாரத்தைப் பார்த்த நேரம். இந்தப் பிள்ளை பிறந்ததும் அழலை. உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. தொப்புள்கொடியைக் கட்டி, தொண்டையில இருந்த சளியை எடுத்து, தலைகீழாப் பிடிச்சுத் தட்டி, வாயோட வாய் வச்சு ஊதி அழ வச்சேன். அதுக்குள்ள தாய்க்கு உதிரம் நிக்கலை. அதை நிறுத்தி, பிள்ளையைத் துணியில சுத்தித் தாய்கிட்டக் கொடுத்துட்டு, கையைக் கழுவி, அப்புறந்தான் சுவரைப் பார்த்தேன். அப்ப ரெண்டு முள்ளும் ஒண்ணா நின்னுச்சு."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"கால் மணிக்குக் குறையாதுங்க. அதுக்கு மேலயும் இருக்கும்."

பேச்சி முன்னே வந்தாள். "நெசந்தான் சாமி! வெகுநேரம் அழுகைச் சத்தமே கேக்கலை. இதுவும் போச்சுன்னு நெனச்சுக் கண்ணை மூடிக்கிட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால், இத்தனை ஆண்டும் எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் எழுதினீர்களா?"

"ஆமாங்க. சில பிள்ளைக்கு அஞ்சு நிமிசம் தப்பு, சில பிள்ளைக்கு அரை மணி தப்பு. கையில உசுரு இருக்கையில கடிகாரத்தைப் பார்க்கத் தோணலை. தப்புத்தான்."

அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார். "சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறவர்கள் தங்கள் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லி, தேதியைத் திருத்த உத்தரவு எழுதினார். கூடவே, பதிவேட்டுக் குறையை மேலிடத்துக்குத் தெரிவிப்பது தம் கடமை என்றும் சொன்னார். "தெரிவிங்கய்யா" என்று தங்கம்மாள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் முத்துமாரி காத்து நின்றாள். "நேரமாச்சு, பஸ்ஸு போயிரும். விண்ணப்பப் பாரத்தை இன்னைக்கே தபால்ல போடு" என்று அவளை முடுக்கி அனுப்பிவிட்டார்.

பிறகு பட்டதையும் சொல்ல வேண்டும். செய்தி பரவிய ஒரு வாரத்தில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஏசினவர்களும் உண்டு. அருப்புக்கோட்டை பலசரக்கு வியாபாரி காசிராஜன் காரிலேயே வந்து இறங்கினார்.

"எம் மகன் ஜாதகம் தப்பாம்மா? பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணமே முடிச்சிட்டனே!"

"அண்ணாச்சி, மருமக எப்பிடி?"

"அதுக்கென்ன, தங்கமான பிள்ளை."

"சண்டை சச்சரவு?"

"ஒண்ணுமில்லை."

"பின்ன அந்த ஜாதகமே இருந்துட்டுப் போகட்டும். கருப்பட்டிக் காப்பி குடிக்கிறீகளா?"

சிரிக்காமல் இருக்க முயன்று தோற்று, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார் காசிராஜன். எல்லாரும் அப்படிச் சிரித்துவிடவில்லை. சில வீட்டார் அதன்பின் பிரசவத்துக்கு விருதுநகருக்குப் போனார்கள். தங்கம்மாளுக்கு அது வலித்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆயா சந்தனம்மாளைக் கடிகாரத்துக்கு நேரே நிறுத்தி, பிள்ளை கையில் விழுந்ததும் குரல் கொடுப்பார். சந்தனம்மாள் மணியைச் சொல்லுவார்.

அம்மையீர்! இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறோம்.

மாசற்ற பணி என்று பாராட்டு மடல்களில் எழுதுவது வழக்கம். எங்களால் அப்படி எழுத முடியவில்லை. உங்கள் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் இருக்கிறது: "பிறப்பு நேரத்தை உரிய கவனமின்றிப் பதிந்தமைக்காக எச்சரிக்கப்படுகிறார்." முப்பத்தோராண்டில் அது ஒன்றுதான். அதை மறைத்து இவ்விழாவை நடத்த எங்களுக்கு மனமில்லை. எத்தனை பட்டம் சூட்டினாலும் அவ்வரிக்கு ஈடாகாது என்று நாங்கள் ஒருமனதாகக் கருதுவதால், அதை இம்மடலின் நடுவே அப்படியே எழுதி, அழகிய கண்ணாடிச் சட்டத்துள் வைத்து, உங்கள் கையில் தருகிறோம்.

மடலைத் திருத்தமான கையெழுத்தில் எழுதித் தருமாறு, இவ்வாண்டு பயிற்சி முடித்து ஆசிரியையாகியிருக்கும் முத்துமாரியம்மாளைக் கேட்டோம். மூன்று நாள் எழுதினார். அந்த எச்சரிக்கை வரியின் மேல் மை சிறிது கலைந்திருக்கிறது. "தண்ணி பட்டுருச்சு, வேற தாளு குடுங்க, புதுசா எழுதித் தாரேன்" என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றோம்.

பேறுகாலத் தாய்மாருக்காக உறக்கத்தையெல்லாம் பறிகொடுத்த பெருந்தகையே! நோய் உங்கள் வாசல் மறந்து போகட்டும். நூறாண்டும் உங்களுக்கு நிறைந்து வரட்டும். இனி வரும் இரவுகளிலேனும் யாரும் கதவைத் தட்டாமல், பொழுது நன்றாக விடியும்வரை நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
சுனைக்குளம் தாய்சேய் நல விடுதி ஊழியர்கள்
30-6-1979